ஆடி மாதத்துக் கல்யாண வண்டி

கீழே நிற்கிறவன் கண்ணுக்கு வண்டியில் எப்போதும் இடம் இருக்கும், ஏறி உட்கார்ந்தவன் கண்ணுக்கு ஒருநாளும் இருக்காது. இது தெரிந்தால் பஸ் தொழிலில் பாதி தெரிந்த மாதிரி. மீதிப் பாதி, முகப்பில் இரும்பு ஹாண்டிலைச் செருகிச் சுற்றி என்ஜினைக் கிளப்புவது.

நீங்களும் பஸ்ஸில் தொங்கியிருப்பீர்கள். முன்பின் தெரியாதவரின் முழங்கை உங்கள் விலாவிலும், அவர் கூடைக் கோழி உங்கள் காதிலும் இடித்திருக்கும். அதனால் உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. எடப்பாடிக்கும் சேலத்துக்கும் இடையே நான் டிரைவராக இருந்தபோது நாங்கள் மீறாத சட்டம் குறைவு. அதற்காக இவன் வருந்தி அழப்போகிறான் என்று நினைத்துப் படிக்க வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். டிக்கெட் காசு மட்டும் திரும்பக் கிடைக்காது.

தினம் ஒரு முகூர்த்தம்

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். எங்கள் ரோட்டில் பஸ் விடுவதற்கு ஒரு பெரிய கம்பெனி லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தது. லைசென்ஸ் இருந்தது, பஸ்தான் இல்லை. மனசு வந்தால் ஒரு வண்டி வரும், வராத நாளில் நடக்க வேண்டியதுதான். வேறு யாராவது போய்க் கேட்டால், "அந்த ரோட்டுக்குத்தான் ஆள் இருக்கிறார்களே" என்று ஆபீஸில் பதில் வரும். நெசவுக்காரர்கள் சேலையை அம்மாபேட்டைக் கடைகளுக்குக் கொண்டுபோக வழியில்லாமல், வீடு தேடி வரும் தரகரிடம் அவர் வாயில் வந்த விலைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பழனியப்பர் என்று ஒரு பண்ணையக்காரர். கிணற்றுத் தோட்டத்தில் பாதியை விற்று ஒரு பழைய மோட்டாரை வாங்கினார். ஊர் சிரித்தது. நான் டிரைவர், மாரப்பன் கண்டக்டர். லைசென்ஸ் கேட்டு அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அப்போது யாரோ ஒரு வக்கீல் குமாஸ்தா, கல்யாணக் கோஷ்டியை ஏற்றிப் போவதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டான். மறுநாளே முதலாளி தோட்டத்து வாழைமரங்கள் இரண்டு வண்டியின் முகப்பில் ஏறின. அன்றிலிருந்து எங்கள் வண்டியில் தினம் கல்யாணம். முன் சீட்டில் மாலையோடு ஒரு மாப்பிள்ளை, பூவோடு ஒரு பெண், பின்னால் சேலை மூட்டைகளோடு 'சம்பந்திகள்'.

மாப்பிள்ளை சுலபமாகக் கிடைப்பான், பெண்ணுக்குத்தான் பஞ்சம். ஒருநாள் பெண் கிடைக்காமலே வண்டி நின்றது. கூட்டத்தில் செல்லாயி இருந்தாள். எடப்பாடிக்கு வடக்கே, ஏரிக்கு அந்தப்புறத்து ஊரிலிருந்து சேலை மூட்டையைத் தலையில் வைத்து நடந்தே வருகிறவள். புருஷன் இறந்த பிறகு தறியில் தானே உட்கார்ந்தவள். தரகரிடம் போட்டால் நூல் விலைகூடத் தேறாது, சேலத்துக்கே கொண்டுபோனால்தான் அடுப்பு எரியும். மாரப்பன் பூவைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அவளே அதைப் பிடுங்கித் தலையில் செருகிக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். கூட்டம் வாயைப் பிளந்தது. செல்லாயி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "வண்டிய எடுங்க சாமி. பூ வெச்சாத்தான் வண்டி போகும்னா வெச்சுக்கறேன். பேசறவீங்க வந்து என்ற தறியில உக்காருவாங்களா?"

எங்களுக்கு மறந்துபோன மாதம்

தினமும் கல்யாணம் செய்துவைத்தால் நாள் கிழமை எங்கே நினைவிருக்கும்? முதலாளி மறந்தார், நான் மறந்தேன், பஞ்சாங்கம் பார்க்காமல் பல் விளக்காத மாரப்பன்கூட மறந்தான். ஒரு காலையில், வாழைமரம் தலையை ஆட்ட, ஹாரனை அமுக்கிக்கொண்டு ஜோராகப் போய்க்கொண்டிருந்தோம். சைக்கிளில் வந்த போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார்.

சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அன்றைக்கு மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தவன் ஒரு நெசவாளி, மடியில் அவனுடைய சொந்தக் குழந்தை. அது மாலையிலிருந்து ஒவ்வொரு பூவாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. போலீஸ்காரர் கோபப்படவே இல்லை. மீசையைத் தடவிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "மாப்பிள்ளைக்கு ரெண்டாந்தாரம்னு வெச்சுக்கறனப்பா. ஆடி மாசத்துல முகூர்த்தம் குறிச்சுக் குடுத்த மகராசன் ஆருன்னு சொல்லு, அவனை நான் மொதல்ல புடிக்கோணும்."

முனியப்பன் கும்பிடு

அபராதம் கட்டினோம். ஆவணி பிறந்த அன்றே மறுபடியும் வாழைமரம் கட்டினோம். பிடிப்பதும் கட்டுவதுமாகக் கொஞ்ச நாள் போனது. கடைசியில், இத்தனை கல்யாணம் நடக்கிற ரோட்டுக்கு ஒரு பஸ் தேவைதான் போலிருக்கிறது என்று மேலே யாருக்கோ தோன்றி, லைசென்ஸ் கொடுத்துவிட்டார்கள். சட்டத்தை மதித்து வரிசையில் நின்றிருந்தால் நாங்கள் இன்றைக்கும் நின்றுகொண்டிருப்போம்.

லைசென்ஸ் வந்ததும் புதிய வம்பு வந்தது. இத்தனை பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. கொங்கணாபுரம் சந்தை நாளில் அந்தக் கணக்கைப் பார்த்தால் பாதி ஊரை ரோட்டில் விட்டுவிட்டு வரவேண்டும். வழியில் ஒரு போலீஸ் ஸ்டேஷன். நல்லவேளையாக அதற்கு நேர் எதிரே ஒரு முனியப்பன் கோயில். ஸ்டேஷன் நெருங்கியதும் மாரப்பன், "முனியப்பனைக் கும்பிட்டுக்குங்க!" என்று குரல் கொடுப்பான். வண்டியில் இருக்கிற அத்தனை தலையும் சீட்டுக்குக் கீழே போய்விடும். ஸ்டேஷனில் இருப்பவர்களுக்கு ஜன்னல் வழியே பக்திமான்களின் முதுகு கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு சந்தை நாள், மழை. வண்டியில் கூட்டமே இல்லை, லைசென்ஸில் இருந்ததில் பாதிகூட இல்லை. மாரப்பன் குரல் கொடுக்கவில்லை. ஆனால் கோயிலைக் கண்டதும் எல்லாரும் பழக்கத்தில் குனிந்துவிட்டார்கள். வெளியே நின்ற புதிய சப்-இன்ஸ்பெக்டருக்குக் காலி வண்டி போவது தெரிந்தது. சந்தை நாளில் காலி வண்டியா என்று சந்தேகம் வந்து நிறுத்திவிட்டார். ஏறிப் பார்த்தால் சீட்டுக்கு அடியிலிருந்து ஒவ்வொரு தலையாக எழுந்தது. எண்ணினார், கணக்குக்கு உள்ளேதான். மறுபடி எண்ணினார். "அளவோடதானே ஏத்தியிருக்கீங்க, அப்புறம் எதுக்கய்யா குனிஞ்சீங்க?" என்று கத்தினார். முன் சீட்டிலிருந்த பருத்தி வியாபாரி கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார்: "பழக்கமுங்க சாமி. கணக்கு சரியா இருந்தாலும், இல்லாட்டியும், ஸ்டேசனைத் தாண்டறப்ப நாங்க குனிஞ்சுதானுங்க போறது."

மீறாத சட்டம்

டிக்கெட் வாங்கினவர் யாரானாலும் சீட்டில் உட்காரலாம், சேரிக்காரர் என்று சொல்லி மறுக்கக்கூடாது என்றும் லைசென்ஸில் ஒரு விதி இருந்தது. மற்ற விதிகளை மீறியபோது எங்களைப் பார்த்துச் சிரித்த ஊர், இந்த ஒன்றை நாங்கள் மதித்தபோது காறித் துப்பியது.

அணை வேலை முடிந்து சேரிக்காரர் ஒருவர் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். டிக்கெட் வாங்கினார், ஜன்னலோரம் உட்கார்ந்தார். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய பெரிய பண்ணையக்காரர் ஒருவர் அவரை எழுந்து நிற்கச் சொன்னார். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். மாரப்பன் அவர் தோளில் கையை வைத்து அழுத்தி உட்கார வைத்தான். பண்ணையக்காரர் என் பக்கம் திரும்பி, "உங்க வண்டி ஓடறதே சட்டத்தை மீறித்தான். இந்த ஒண்ணை மீறறதுக்கு மட்டும் உங்களுக்கு வலிக்குதா?" என்றார். நியாயமான கேள்விதான். என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, ஹாண்டிலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஹாண்டில் யாரிடமோ, வண்டி அவனுடையது; அது எங்கள் தொழில் வழக்கம். ஜன்னலோரத்தவர் உட்கார்ந்தபடி இருந்தால்தான் வண்டி கிளம்பும், யார் வேண்டுமானாலும் யோசித்துக்கொள்ளலாம் என்றேன்.

அந்தப் பெரிய குடும்பத்துச் சவாரி மாதக்கணக்கில் எங்களுக்கு வரவில்லை. முதலாளி என்னைத் திட்டினார், ஆனால் வழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காக இன்றைக்கும் அவர் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவேன். அன்றைக்கு வேட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிய பண்ணையக்காரரை மாரப்பன் மரியாதையாகவே வழியனுப்பினான்: "நடக்கறதுன்னா தாராளமா நடங்க, சாமி. அந்த டிக்கெட்டை மட்டும் குடுத்துட்டுப் போங்க, உங்க ஒடம்பு இருந்த எடத்துல நான் ரெண்டு பேரை ஏத்திக்குவேன்."

ஏரிக்கரை இறக்கம்

வண்டி ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது. மூன்றாவது வண்டி வாங்கிய வருஷம் முதலாளிக்கு எதற்கும் நேரம் இல்லை. ஒரு சந்தை நாள் காலையில் என் வண்டிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. மிதித்தால் கால் உள்ளே போகிறது, வண்டி தன் பாட்டுக்கு நடக்கிறது. லைனிங் மாற்ற வேண்டும், சேலத்திலிருந்து ஆள் வரவேண்டும் என்றேன். கியரிலேயே அடக்கி ஓட்டு, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. வெளியே ஜனங்கள் முண்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ரோட்டில் ஏரிக்கரை இறக்கம் என்று ஒன்று உண்டு. சரிவு, கடைசியில் ஒரு திருப்பம், திருப்பத்துக்கு அப்பால் தண்ணீர். போலீஸ் ஸ்டேஷனை முனியப்பன் பெயரைச் சொல்லி ஏமாற்றலாம், அந்த இறக்கத்திடம் யார் பெயரைச் சொல்வது? மீறக்கூடிய சட்டம் எது, மீறக்கூடாதது எது என்று படித்தவர்கள் புத்தகம் போட்டு விளக்குவார்கள். எனக்கு அவ்வளவு தெரியாது. மீறினால் அபராதம் கட்டப்போவது முதலாளி என்றால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். உயிரைக் கட்டப்போவது செல்லாயியும் பருத்தி வியாபாரியும் என்றால் மூடமாட்டேன். ஹாண்டிலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காப்பிக் கடைக்கு நடந்தேன். பிரேக் சரியாகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முதலாளி கடை வாசலில் வந்து நின்று, தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "உன்னையாட்டம் இன்னொருத்தன் இருந்தாப் போதும்டா, நான் மறுபடியும் ஏர் புடிக்கப் போயிருவேன்."

இன்னொரு வாழைமரம்

ஏரிக்கு அந்தப்புறத்து ஊர்களுக்கு ஒரு வண்டி விடுங்கள் என்று மாரப்பன் முதலாளியிடம் பலமுறை கேட்டான். செல்லாயிக்கு வயதாகிக்கொண்டிருந்தது, மூட்டைக்கு மட்டும் வயதாகவில்லை. அது மண் ரோடு, வண்டி கெட்டுப்போகும், வருகிற வரும்படி டயருக்கே காணாது என்று முதலாளி தட்டிக் கழித்தார். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதும் சரிதான். மாரப்பன் கணக்குப் பார்க்கவில்லை. கண்டக்டர் பையை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, பெண்டாட்டியின் நகைகளை விற்று, எங்கோ தகரமாகக் கிடந்த ஒரு வேனை வாங்கிவிட்டான்.

அவனுக்கும் லைசென்ஸ் கிடைக்கவில்லை. ஒரு காலை, எடப்பாடிக்குள் நுழைகிறேன், எதிரே புழுதி பறக்க ஒரு வேன். முகப்பில் இரண்டு வாழைமரம். முன் சீட்டில் நரைத்த தலை நிறையப் பூவோடு செல்லாயி, மடியில் சேலை மூட்டை. நான் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாரப்பன் என் பக்கம் உரசிக்கொண்டு போகும்போது கத்தினான்: "ஆவணி பொறந்திருச்சுங்கண்ணா! இன்னிக்கு மட்டும் மூணு முகூர்த்தம்!"

நிறைந்த வண்டி

மண் ரோட்டிலும் ஜனம் ஏறும் என்று மாரப்பன் காட்டிவிட்டானா, முதலாளிக்கும் அந்த ரோடு வேண்டியதாகிவிட்டது. தனக்கே லைசென்ஸ் தரவேண்டும், மாரப்பனுக்குத் தரக்கூடாது என்று சேலத்தில் மனுப் போட்டார். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறான், அளவுக்கு மேல் ஏற்றுகிறான், கல்யாணம் என்று பொய் சொல்லுகிறான் என்று குற்றப் பட்டியல் வேறு. அவர் வாயால் அதைக் கேட்டபோது எனக்குப் புரை ஏறியது. "சட்டம்னு ஒண்ணு இருக்குதா, இல்லியா?" என்று மேஜையைத் தட்டினார். அந்த வேனை எதிரே வரப் பார்த்தவன் நான்தான், நான் வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

எனக்கு நிலம் கிடையாது, நீச்சு கிடையாது. ஸ்டியரிங்கை விட்டால் கைக்கு வேறு வேலை தெரியாது. இருந்தாலும் கேட்டுவிட்டேன்: "நாமளும் இப்படித்தானுங்களே ஆரம்பிச்சோம்?" வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு அது நிஜமாகவே புரியவில்லை. கெட்ட மனிதர் இல்லை. ஏறி உட்கார்ந்துவிட்டவர், அவ்வளவுதான். என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "நாம ஏறறப்ப எடம் இருந்துச்சப்பா. இப்ப வண்டி நெறைஞ்சு போச்சு."

சாட்சி

சேலத்து ஆபீஸில் விசாரணை. மாரப்பன் தன் வேன் நிறைய ஊரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அன்றைக்கும் அளவுக்கு மேல்தான். முதலாளியின் வக்கீல் என்னைக் கேட்டார், "இவருடைய வண்டியில் வாழைமரம் கட்டியிருந்ததைப் பார்த்தீரா?" பார்த்தேன் என்றேன். "கல்யாணம் நடந்ததா?" இல்லை என்றேன். முதலாளி முகம் மலர்ந்தது. "வாழைமரம் கட்டினால் லைசென்ஸ் வேண்டாம் என்று இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது, தெரியுமா?" என்று வக்கீல் ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டுவிட்டார். தெரியும் என்று முதலாளியைக் கையால் காட்டினேன். அவருடைய தோட்டத்து மரம், கட்டியது என் கை, ஓட்டியதும் நான்தான், பிடிபட்டது ஆடி மாதத்தில் என்று அடுக்கினேன். கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

இதெல்லாம் வேலை போகிற கோபத்தில் ஒரு டிரைவர் உளறுவது என்று வக்கீல் எழுந்து சொன்னார். விசாரித்த அதிகாரியும் அப்படித்தான் நினைத்த மாதிரி இருந்தது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லாயி முன்னால் வந்தாள். தாலியில்லாதவள் பூ வைத்த கதையை அவள் ஊரில் பாதிப் பேர் அதுவரை கண்டும் காணாதவர்கள் மாதிரி வதந்தி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது. அவள் குனியவில்லை. அதிகாரியை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "என்ற புருசன் போனதுக்கப்பறம் நான் பூ வெச்சது ரெண்டே வண்டிக்குத்தானுங்க சாமி. மொத வண்டிய உட்டவரு அந்தா உக்காந்திருக்காரு. ரெண்டாவது வண்டிய நிறுத்தச் சொல்றதும் அவருதானுங்க."

கடைசி ஹாண்டில்

முதலாளி மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மாரப்பனுக்கு அபராதமும் வந்தது, லைசென்ஸும் வந்தது. எனக்கு வேலை போனது. அன்று மாலையே மாரப்பன் வேனின் ஹாண்டிலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். செல்லாயி பூவை எடுத்துவிட்டாள், இனிமேல் அவசியம் இல்லையே. ஜன்னலோரச் சீட்டில், மூட்டை மடியில் இருக்க, கல்யாணப் பெண்ணாக இல்லாமல், செல்லாயியாகவே டிக்கெட் வாங்கிக்கொண்டு சேலம் போனாள்.

சில வருஷம் கழிந்தது. யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல், வண்டியின் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, அதன் வாயுவில் என்ஜினை ஓட்டினோம். மாரப்பன் இரண்டாவது வண்டியும் வாங்கிவிட்டான். ஒருநாள் நான் காலையில் வண்டியைக் கிளப்பப் போகும்போது மூச்சு வாங்க ஓடி வந்தான். மலையடிவாரத்துப் பக்கம் எவனோ ஒருத்தன் ஒரு பழைய லாரியில் வாழைமரம் கட்டி ஆள் ஏற்றுகிறானாம். போலீஸில் சொல்ல வேண்டுமாம், நானும் கூட வர வேண்டுமாம். "சட்டம்னு ஒண்ணு இருக்குதுங்களா, இல்லீங்களாண்ணா?" என்றான். அதே வார்த்தை, மேஜை இல்லாததால் பானெட்டைத் தட்டினான். ஹாண்டிலை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காப்பிக் கடையைப் பார்த்து நடந்தேன். ஏறி உட்கார்ந்திருந்த ஜனங்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மாரப்பன் பின்னாலேயே ஓடி வந்தான்: "அண்ணா, ஏனுங்கண்ணா, நில்லுங்க! நான் இப்ப என்னத்தத் தப்பாச் சொல்லிப் போட்டேன்?"

எத்தனையோ சட்டத்தை மீறிய கைதான் இது, ஆனால் தான் ஏறினதும் 'இடமில்லை, வண்டியை எடு' என்று கத்துகிறவனுக்காக இந்தக் கை ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை.